டீக்கு முன்னால் பத்து ரூபாய்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. கோவை பீளமேடு விமான நிலையம். சரஸ்வதி அக்கா போர்டிங் பாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து, ரகசியமாகக் கேட்டார்.

“ஏனுங் தம்பி, இந்தச் சீட்டை எறங்கறப்போ திருப்பிக் குடுத்தரோணுமுங்களா?”

“இல்லீங்க்கா. நாமளே வெச்சுக்கலாமுங்க.”

அவ்வளவுதான்! சீட்டைப் பர்ஸுக்குள் வைத்து, பர்ஸைப் பைக்குள் வைத்து, பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

நாங்கள் மொத்தம் ஆறு பேர். ஐந்து பெண்கள், கூட நான். ஆறு பேருக்கும் அதுதான் முதல் விமானப் பயணம். ஆமாம், எனக்கும்தான்! வாரா வாரம் இந்தப் பக்கத்தில் உலக விஷயமெல்லாம் அளக்கிறவன், அதுவரை ஏறிய அதிகபட்ச உயரம் ஊட்டி பஸ்தான்.

சரி, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் ஐந்து பெண்கள் எப்படி விமானம் ஏறினார்கள்? லாட்டரியா? முதலாளி கொடுத்த பரிசா? இரண்டும் இல்லை. தினம் பத்து ரூபாய்!

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

திருப்பூர் வீரபாண்டியில் எனக்கு ஒரு சின்ன பிரவுசிங் சென்டர். நாலு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். எதிரிலேயே ஒரு பனியன் கம்பெனி. ஒன்றேகால் வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம், அந்தக் கம்பெனியிலிருந்து ஜெயராணி விறுவிறுவென்று வந்தார். சாத்தான்குளம் பக்கத்துக்காரர். பத்து வருஷமாகத் திருப்பூர். தைத்து வரும் பனியனில் ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து, மனுஷர்களையும் அதே மாதிரி மேலும் கீழும் பார்க்கிற பழக்கம் அவருக்கு.

“அண்ணாச்சி, மெட்ராசுக்கு பிளைட்டு டிக்கெட் எம்புட்டு?”

நான் சிரித்துவிட்டேன். கம்பெனி மேனேஜர்களுக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். செக்கிங் டேபிளிலிருந்து யாரும் இதுவரை கேட்டதில்லை.

“யாருக்குங்க?”

“எனக்குத்தான். ஆர்டர் லேட்டாயிட்டுன்னு நேத்து அம்புட்டுப் பெட்டியையும் பிளைட்டுல ஏத்திட்டாவ. நான் செக் பண்ணுன பனியன் பிளைட்டுல போவுது. நான் போவக் கூடாதா?”

“முன்கூட்டியே புக் பண்ணினால் வரியோடு இரண்டாயிரம் ஆகலாமுங்க” என்றேன். இருந்தாலும் வாயோரம் சிரிப்பு மிச்சமிருந்திருக்கும் போல. அவர் பார்த்துவிட்டார்.

“நீங்க போயிருக்கீயளா?”

“இல்லீங்க.”

“பெறவு என்னத்துக்குச் சிரிக்கிய? பத்து ரூவா எடுங்க.”

எடுத்தேன். இப்படித்தான் ஆறாவது ஆளாக நான் சேர்ந்தேன். மானத்துக்குப் பயந்து!

அடுத்த நாளிலிருந்து வசூல் ஆரம்பம். காலையில் டீக்கு மணி அடித்ததும், கையில் ஒரு பிஸ்கட் டப்பாவோடு ஜெயராணி எழுந்துவிடுவார். முதலில் தன் பத்து ரூபாய். அப்புறம் டேபிளைச் சுற்றி நாலு பேர். அப்புறம் ரோட்டைத் தாண்டி என் கடை. அதற்குப் பிறகுதான் அவருக்கு டீ. சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும், ஆறு நாளைக்கும் பத்து ரூபாய்த் தாள்களாக மாற்றி வைத்துக்கொள்வார்கள். சேர்ந்த பணம் திங்கட்கிழமை ஜெயராணியின் தபால் ஆபீஸ் கணக்குக்குப் போகும்.

“வாரத்துக்கு ஒருக்கா மொத்தமா அறுபது ரூபாய் வாங்கிக்கலாமேங்க? எதுக்கு இந்த அலைச்சல்?” என்று நான் ஒருநாள் கேட்டேன். நான் படித்தவன் இல்லையா!

“அறுவதுன்னா குடுக்க மனசு வராது அண்ணாச்சி. அரிசி ஞாவகம் வரும், வாடகை ஞாவகம் வரும். பத்து ரூவான்னா ஒண்ணும் ஞாவகம் வராது. அதையும் டீக்கு முன்னாலயே வாங்கிரணும். டீ குடிச்சுட்டா வடை கண்ணுல பட்டுரும்.”

யோசித்துப் பாருங்கள்... எத்தனை பேர் மாசக் கடைசியில் மிச்சமானால் சேர்க்கலாம் என்று காத்திருக்கிறோம்? மிச்சம் என்றைக்காவது வந்திருக்கிறதா? எனக்கு வந்ததில்லை.

ஆனால் ஒன்று. ஷிப்டுக்கு நூறு ரூபாய் கூட முழுசாக வராத சம்பளத்தில் பத்து ரூபாய் என்பது விளையாட்டு இல்லை. வடை போனது. தலைக்குப் பூ போனது. நான் என் பங்குக்கு இரண்டு சிகரெட்டைக் குறைத்தேன். (டாக்டர் சொல்லியும் குறைக்காதவன்!)

ஐந்து மாதம் ஓடியது. கணக்கில் ஏழாயிரத்து எண்ணூறு ரூபாய்! ஜெயராணி பாஸ்புக்கைக் கொண்டுவந்து காட்டியபோது, அதே டேபிளில் வேலை பார்க்கும் பேச்சியம்மாள் வாய்விட்டுக் கேட்டார்: “இனி சன்னல் சீட்டு யாருக்குன்னு சீட்டுக் குலுக்கிருவோமா?”

அந்த வாரம்தான் சரஸ்வதி அக்கா வேலைக்கு வரவில்லை.

ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள்... ஐந்து பேரில் அவர்தான் இந்த ஊர்க்காரர், மூத்தவர். வீடு அனுப்பர்பாளையத்தில். கணவர் பாத்திரப் பட்டறையில் பாலிஷ் வேலை செய்கிறவர். மொபெட் சறுக்கி விழுந்து, அவருக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் செய்து பிளேட் வைக்க வேண்டும். அக்காவின் காதுத் தோட்டை விற்றும் எட்டாயிரம் போல இடிக்கிறது. நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்த ஜெயராணிதான் இதைச் சொன்னார்.

அன்று சாயந்திரம் எல்லோரும் என் கடையில் நின்றார்கள்.

“அக்கா ஏதும் கேட்டாங்களா?” என்றார் பேச்சியம்மாள்.

“வாயே தொறக்கல. நம்ம கணக்குல பணம் கெடக்குன்னு அவங்களுக்குத் தெரியும். இருந்தும் கேக்கல.”

“அவங்க பங்கு ஆயிரத்து முந்நூறு வருது. அதை உடனே குடுத்துரலாம்...”

பேச்சியம்மாள் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் என் மனசில் அந்த முறிந்த தொடை எலும்பு வரவில்லை. விமானம்தான் வந்தது. ‘போச்சே!’ என்று இருந்தது. நாற்பத்திரண்டு வயது ஆள், சின்னப் பிள்ளை மாதிரி.

ஜெயராணி எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பனியனைப் பார்க்கிற அதே பார்வை.

“பிளைட்டு தெனமும் போவும். மொத்தத்தையும் எடுக்கப் போறேன். ஆருக்காவது முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க.”

யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மறுநாள் ஏழாயிரத்து எண்ணூறும் ஆஸ்பத்திரிக்குப் போனது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

பத்து நாள் கழித்து சரஸ்வதி அக்கா வேலைக்கு வந்தார். வந்ததும் அழுதுகொண்டே, “ஒவ்வொருத்தருக்கும் எப்படியாச்சும் திருப்பிக் குடுத்தர்றனுங்க” என்றாராம். அதற்கு ஜெயராணி சொன்னதைப் பேச்சியம்மாள் என்னிடம் வந்து அப்படியே நடித்துக் காட்டினார்.

“கடன்னு எவ சொன்னா? எங்கள மாதிரி நீங்களும் தெனம் பத்து ரூவா போடுங்கக்கா. அது போதும்.”

எனக்கு நம்பிக்கையே இல்லை. ஐந்து மாதம் வாயைக் கட்டிச் சேர்த்தது பூஜ்யமான பிறகு யாருக்கு மறுபடி தொடங்க மனசு வரும்? திங்கட்கிழமை டீ மணி அடித்தது. கடை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிஷம்... மூன்று நிமிஷம்...

வந்துவிட்டார்! கையில் டப்பா. உள்ளே ஐந்து பத்து ரூபாய்த் தாள்கள். “முதல் நோட்டு சரஸ்வதி அக்காது” என்றார். அதன் மேலேயே என் பத்து ரூபாயையும் போட்டேன்.

நடுவில் ஆர்டர் இல்லாமல் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்கிற காலமும் வந்தது. அப்போதும் வசூல் நிற்கவில்லை. வேலை இல்லாத நாளுக்கு இரண்டு ரூபாய். “ஒரு நாள் விட்டா கை மறந்துரும் அண்ணாச்சி” என்பார் ஜெயராணி. தொகை குறைந்தது, நாள் குறையவில்லை. இப்படியே இன்னும் பத்து மாதம். ஆறு டிக்கெட்டுக்கான பணம் மறுபடி சேர்ந்தது. என் கிரெடிட் கார்டில் புக் செய்தேன். ‘கன்பர்ம்டு’ என்று பிரிண்டரில் தாள் வெளியே வந்தபோது, ஐந்து பேரும் போட்ட சத்தத்தில் பக்கத்து மெடிக்கல் ஷாப்காரர் ஓடி வந்துவிட்டார்.

இனி விமானத்துக்கு வருவோம்.

ஓடுபாதையில் வேகம் பிடித்ததும் ஜெயராணி “இயேசப்பா!” என்றார். சரஸ்வதி அக்கா “மாரியாத்தா!” என்றார். நான் கம்பீரமாக இருந்தேன் என்று எழுத ஆசைதான். பேச்சியம்மாளின் கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தேன் என்பதே நிஜம். சட்டென்று தரை போய்விட்டது! எங்களுக்குக் கிடைத்த இரண்டு ஜன்னலில் ஆறு தலைகள். ரோடு நூலாகிவிட்டது. லாரிகள் எறும்பாகிவிட்டன. பெல்ட்டைக் கழற்றலாம் என்று அறிவித்ததும், ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்று ஜன்னல் சீட்டில் மாறி மாறி உட்கார்ந்தோம். பணிப்பெண்ணே வேடிக்கை பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

சென்னையில் இறங்கியதும் சரஸ்வதி அக்கா என் செல்போனைக் கேட்டார். பக்கத்து வீட்டுக்கு அடித்து, கணவரைக் கூப்பிடச் சொன்னார். இப்போது அவர் கம்பு ஊன்றி நடக்கிறார். பட்டறைக்கும் போகத் தொடங்கிவிட்டார்.

“ஏனுங்க, வந்து எறங்கீட்டமுங்க... பயமெல்லாம் ஒண்ணுமில்லீங்க, மேகத்துக்கு மேலயே போச்சுங்க!... ஊட்டுல சோறு ஆக்கி வெச்சிருக்கறனுங்க, நேரத்துல உண்ணுங்க... அடுத்த வாட்டி நீங்களும் வரோணுமுங்க... காசுங்களா? அதெல்லாம் பெரிய காசில்லீங்க. தெனம் பத்து ரூவாய்தானுங்க!”

பத்து ரூபாயை இத்தனை பெருமையாக ஒருவர் சொல்லி, நான் இதுவரை கேட்டதில்லை.