கோதண்டம் மாமாவின் சீட்டு

மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோது எங்கள் செம்மண்டலம் தெரு வாட்ஸப் குழுவில் செய்தி வந்தது: கோதண்டம் மாமா போய்விட்டார். தொண்ணூறு தாண்டியவர், கல்யாணச் சாவு என்றார்கள். காரியமெல்லாம் முடிந்து இப்போதுதான் எழுதுகிறேன். எழுதலாமா என்ற பயம்தான் காரணம்.

சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்ற நம் தலைவருக்கு, அவருடைய கடைசி நாள் வரை அந்தரங்கச் செயலாளராக இருந்தவர் மாமா. கடிதம், ரயில் டிக்கெட், மாத்திரை எல்லாம் இவர் பொறுப்பு. "கண்ணாடிய நெத்தியில ஏத்திவச்சிகிட்டு என்னத் தேடச் சொல்லுவாரு. நானும் ரெண்டு நிமிஷம் தேடிட்டுதான் சொல்லுவேன். பெரிய மனுசன், பாவம்!" என்பார்.

அப்போது என் மகளுக்குப் பத்து மாதமாகியும் பெயர் வைத்திருக்கவில்லை. ஜோசியர் சொன்ன 'ஹ'வில்தான் தொடங்க வேண்டும் என்றார் மாமியார். என் மனதில் வேறு பெயர். அதை வைத்து, நாளைக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால்கூட என்னால்தான் என்பார்களோ? பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்கும் கெடுவும் நெருங்கியது. மாமாவிடம் ஓடினேன்.

"தலைவர் எத்தனை பிள்ளைங்களுக்குப் பேர் வச்சாரு! அதுல ஒண்ணு சொல்லுங்க மாமா."

குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அவரு எங்கம்மா வச்சாரு? மீட்டிங் முடிஞ்சா புள்ளையத் தூக்கிகிட்டு வரிசையா நிப்பாங்க. நான் முன்னாடியே போயி, பெத்தவகிட்ட மட்டும் 'உனக்கு என்ன பேரும்மா புடிச்சிருக்கு'ன்னு கேட்டு, சீட்டுல எழுதி அவரு கையில குடுத்துடுவேன். அவரு படிப்பாரு. அப்புறம் எந்த மாமியா வாயத் தொறப்பா?"

"தலைவருக்குத் தெரியுமா?"

"தெரியாமயா? சீட்டு லேட்டானா, புள்ளைய மடியில வச்சிகிட்டு என்ன மொறைப்பாரு!" என்றவர் காதருகே கையைக் குவித்தார். "சரி, உனக்குப் புடிச்ச பேரச் சொல்லு."

சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் மாமியார் வீட்டுக் கூடத்தில் பெயர் சூட்டும் நேரத்தில், இஸ்திரி மடிப்பு கலையாத கதர்ச் சட்டையில் மாமா எழுந்து நின்றார். பையிலிருந்து சீட்டை எடுத்தார். "தலைவர் இருந்தா இதத்தான் வச்சிருப்பாரு. முல்லை!" மாமியார் வாயைத் திறந்தார், கதர்ச் சட்டையைப் பார்த்தார், மூடிக்கொண்டார். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க, "எங்க பேத்திக்குத் தலைவர் வீட்டுப் பேரு" என்று சொல்லி முடித்திருந்தார்.

மாமாவை எடுத்த அன்று பெண்ணாடத்திலிருந்து ஒருவர் வயதான தாயுடன் வந்திருந்தார். "எனக்குப் பேர் வச்சதே தலைவர்தான்" என்று எல்லோரிடமும் கண்கலங்கச் சொன்னார். அந்த அம்மா என் பக்கம் சாய்ந்து, "அவரு எங்க வச்சாரு? இந்தப் புண்ணியவான்தான் என்னக் கேட்டாரு" என்றார். சாவு வீட்டில் நாங்கள் இருவரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

மாமாவின் கையெழுத்தில் 'முல்லை' என்றிருக்கும் அந்தச் சீட்டு, பிறப்புச் சான்றிதழோடு என் பீரோவில் இருக்கிறது. பெற்றவளை முதலில் கேட்ட அந்த மனசையும் வைத்துக்கொள்ள ஆசை. இதை என் மாமியாரும் படிப்பார். படியுங்கள் அத்தை. அந்தப் பேரை வைத்தது நான்தான்.