பக்கத்து இருக்கையின் விலை

ஓய்வு பெற்ற கணித ஆசிரியருக்கு ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு என்று சட்டன் நகரில் என்னைக் கேட்காதவர்கள் குறைவு. பாரிஸிலிருந்து வந்து இங்கே குடியேறிய நண்பர் ஒருவர்தான் ஆசை காட்டினார்.

"அண்ணை, பழைய இத்தாலியன் கார் வாங்கி விடுங்கோ. வருசா வருசம் விலை ஏறும்."

பணக்காரர்களின் இத்தாலியன் கார்கள் ஏலக் கூடத்தில் விளக்கொளியில் நிற்கும். என்னைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகும் கார் வேறு வகை. மழை பெய்தால் கூரை ஒழுகும், பெய்யாவிட்டால் எஞ்சின் ஒழுகும். ஆனாலும் கலியாண வீடுகளில் மற்றவர்கள் பிள்ளைகளின் பட்டங்களைச் சொன்னபோது, நான் என் காரின் சந்தை விலையைச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

வாங்கியவுடன் கோயிலுக்குக் கொண்டுபோனோம். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசித்தோம். ஐயர் சின்னதாக ஒரு பொட்டு வைத்தால் போதும் என்றாள் மனைவி. நான் விடவில்லை. சந்தனமும் குங்குமமும் குழைத்து, எஞ்சினுக்கு மேலுள்ள முன்மூடி முழுக்க என் கையாலேயே பூசினேன். தீபாவளி வரை கழுவக் கூடாது என்றும் கட்டளையிட்டேன். கோடை வெயிலில் அது வெள்ளி நிறப் பெயின்டுக்குள் இறங்கிவிட்டது.

விலை மதிக்க வந்த வெள்ளைக்காரர் அந்தச் சிவந்த கறையை விரலால் தேய்த்துப் பார்த்தார். இப்படிப்பட்ட காருக்கு, தொழிற்சாலையில் அடித்த முதற் பெயின்டில்தான் பாதி விலை என்றார். இது எப்படி வந்தது என்று கேட்டார்.

"என் மனைவியின் மூடநம்பிக்கை" என்றேன், அழகான ஆங்கிலத்தில். இருவரும் சிரித்தோம்.

அவள் பக்கத்தில்தான் நின்றாள். கவுன்சில் அலுவலகத்தில் இருபது வருடம் வேலை செய்தவள். அவள் ஆங்கிலம் என்னுடையதைவிடத் திறம். அவர் போன பிறகு சொன்னாள்:

"இனி உந்தக் காரிலை நான் ஏறமாட்டன்."

"ஏன், முழங்கால் நோகுதோ?"

"ஓம், அப்பிடியே வைச்சுக்கொள்ளுங்கோ."

சொன்னபடி நின்றாள். வருடக்கணக்காக, மழையிலும் பஸ்ஸில் போனாள். ஒருநாள் பஸ் தரிப்பிடத்தில் காரை நிறுத்தி, "இஞ்சேர், ஏறு" என்று கெஞ்சினேன். "பஸ்ஸுக்கு வழி விடுங்கோ, பின்னாலை சனம் பாக்குது" என்றாள். மன்னிப்பு என்ற ஒரு சொல்லை மட்டும் நான் சொல்லவில்லை. விலை ஏறட்டும் என்று காத்திருந்ததுபோல அதற்கும் காத்திருந்தேன்.

போன மாதம் பிளேஸ்டோவிலிருந்து ஒரு தம்பி காரை வாங்க வந்தார். கறையைக் கண்டதும் நின்றார்.

"இதென்ன அண்ணை?"

சமையலறை ஜன்னல் திறந்திருந்தது.

"நான் பூசினது" என்றேன். "அவள் வேண்டாமெண்டுதான் சொன்னவள். நான் பழியை அவளிலை போட்டிட்டன். பிழை என்ரை."

அவருக்கு அந்தக் கதை தேவைப்படவில்லை. கதவைத் திறந்து உள்ளே பார்த்தார்.

"டிரைவர் சீட் கிழிஞ்சுபோச்சு. பக்கத்துச் சீட் புத்தம் புதுசு! இதுக்கு நான் கொஞ்சம் கூடவும் தரலாம். எப்பிடி அண்ணை இப்பிடிக் காப்பாத்தினீங்கள்?"

ஜன்னலுக்குள்ளிருந்து பதில் வந்தது.

"அது நான் காப்பாத்தினது, தம்பி. கூட்டித் தாற காசை என்னட்டைத் தாங்கோ."