பாயோ என்றால் என்ன நிறம்

குதிரையேற்றப் பள்ளியின் அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டவளை எல்லாரும் மூணுபாஷை அக்கா என்றே கூப்பிட்டார்கள். ஆங்கிலம் படிப்போடு வந்தது. இத்தாலிய மொழி, தோல் கம்பெனியில் வேலை பார்த்தபோது ஒட்டிக்கொண்டது. ஸ்பானிய மொழியைக் கற்றதாகச் சொல்லிக்கொண்டாலும், பாதியை இத்தாலிய மொழியிலிருந்து இரவல் வாங்கித்தான் ஒப்பேற்றினாள். அதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

முதலாளிக்குப் பூங்காவில் ஓடும் சாரட்டு வண்டி ஒன்று உண்டு. அதை இழுத்த ஜோடியில் ஒன்றுக்கு வயதாகிவிட்டது. மிஞ்சிய செம்பழுப்புக் குதிரைக்கு அதே நிறத்தில் துணை தேடினார்கள். ஸ்பானிய மொழி பேசும் வியாபாரி ஒருவர் போனில் கிடைத்தார்.

"என்ன நிறமாம்?" என்றார் முதலாளி.

"பாயோவாம். இத்தாலியிலயும் அதே வார்த்தைதான். இங்கிலீஷ்ல 'பே'ன்னு சொல்லுவாங்க. உடம்பு செம்பழுப்பு, பிடரியும் காலும் கறுப்பு. நம்ம குதிரை மாதிரியே."

"'பே'ன்னா விரிகுடா இல்லையாம்மா?"

"அதுவுந்தான். நாம குதிரைய மட்டும் வாங்குவோம் முதலாளி."

வியாபாரி அனுப்பிய படத்தில் அவருடைய தொப்பிதான் பெரிதாக இருந்தது. பின்னால் கறுப்பு வாலும் கறுப்புக் கால்களும் தெரிந்தன. இது போதும் என்று பேசி முடித்துவிட்டார்கள்.

லாரிக் கதவு திறந்தது. வாலும் காலும் கறுப்புதான். நடுவிலிருந்த உடம்பு மட்டும் வெண்ணெய் நிறத்தில் பளபளத்தது. பள்ளியின் குதிரைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்கா ஓடிப்போய் வியாபாரிக்குப் போன் போட்டாள். ஸ்பானிய மொழியில் பாயோ என்றால் இந்த வெளிர்மஞ்சள்தான், உங்களுக்கு வேண்டியது காஸ்தான்யோ என்று அவர் நிதானமாக விளக்கினார்.

போனில் சரியாகக் கேட்கவில்லை என்று சமாளித்திருக்கலாம். அவளுக்கு மனசு வரவில்லை.

"தப்பு என்னோடது முதலாளி. அவர் சொன்ன வார்த்தைக்கு இத்தாலிக்காரங்க அர்த்தத்தப் போட்டுட்டேன்."

"திருப்பி ஏத்துங்க," என்றார் அவர், அவள் முகத்தைப் பாராமல்.

குதிரை அசைந்தால்தானே. முன்னாலிருந்து இழுத்தார்கள். பின்னாலிருந்து தள்ளினார்கள். கேரட்டை நீட்டினார்கள், தின்றுவிட்டு அப்படியே நின்றது. அக்காவும் தோள் கொடுத்தாள். புடவையெல்லாம் சேறானதுதான் மிச்சம். அந்த நேரம் பார்த்து லாயத்திலிருந்து செம்பழுப்பு கனைத்தது. புதுக் குதிரை கயிற்றோடு குதிரைக்காரரையும் இழுத்துக்கொண்டு நேரே அதன் பக்கத்தில் போய் நின்றது.

"இனிமே இது வராது. வேணும்னா நீங்க லாரில ஏறிக்குங்க முதலாளி," என்றார் குதிரைக்காரர் மூச்சு வாங்க.

முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

மறுநாள் இரண்டையும் வண்டியில் பூட்டினார்கள். ஒட்டிப் பிறந்தவை போல அடி பிசகாமல் ஓடின. பூங்காவில் வண்டியை நிறுத்தியதும் சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது.

"ஒண்ணு அடர்த்தியா, ஒண்ணு வெளுப்பா, அழகா இருக்கே. யாரு யோசனைங்க?" என்று ஒரு பெண்மணி கேட்டாள்.

"என்னுதுதாம்மா. தேடித் தேடிப் பிடிச்சேன்," என்றார் முதலாளி, சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு.

பின்னிருக்கையில் இருந்த அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பை அடக்க முடியாமல் வயிறு மட்டும் குலுங்கியது. வண்டி அடுத்த சுற்றுக்குக் கிளம்பியது.