துரைக்குச் சர்க்கரை

வாயை வைத்துப் பிழைக்கிறவள் அவள். பேருந்து நிலையத்தின் மாடியில், கண்ணாடி போட்ட சின்ன அறையில், மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து நாள் முழுக்கப் பேசுவாள். எந்த வண்டி எந்தத் தடத்தில் நிற்கிறது, எது தாமதம், எது ரத்து, யார் யாருடைய குழந்தையைத் தேடுகிறார்கள், எல்லாம் அவள் வாயிலிருந்துதான் வரவேண்டும். கீழே நிற்கிற கூட்டம் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. குரலைக் கேட்டால் மட்டும் குடிக்கிற டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடும். அப்பேர்ப்பட்டவள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் வாயில் பூட்டுத்தான். கட்டிய கணவனோடு ஒரு வார்த்தை கிடையாது. இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

காரணத்தைச் சொன்னால், ‘அட, இதற்கா?’ என்பீர்கள். என்னைக் கேட்டால் இதற்குத்தான். அவள் தம்பி புது வீடு வாங்கி உறவுக்காரர்களையெல்லாம் சாப்பிடக் கூப்பிட்டிருந்தான். நாலு பேர் சிரித்தால் போதும், இந்த மனுஷனுக்குத் தலைகால் புரியாது. ஒரு கரண்டியை மைக் மாதிரி பிடித்துக்கொண்டு, மூக்கால் இழுத்து, “பயணிகளின் கனிவான கவனத்திற்கு, என் மனைவி சமையலறையிலிருந்து புறப்பட்டுவிட்டார், வழக்கம்போலத் தாமதம்” என்று அவளை மாதிரியே பேசிக் காட்டினான். வீடே விழுந்து விழுந்து சிரித்தது. தம்பிக்குப் புரையேறிவிட்டது. இவன் வேலை பார்த்த ரொட்டித் தொழிற்சாலை மூடிக் கிடந்தபோது, வீட்டில் அடுப்பு எரிந்ததே அந்தக் குரலால்தான். அதைக் கேலி செய்ய எப்படி மனசு வந்தது? திரும்பி வரும் வழியில் அவள் ஒன்றுதான் சொன்னாள். “இனிமே என் குரல் உங்க காதுல விழாது.” சொன்னால் சொன்னதுதான். அவனும் லேசுப்பட்டவன் இல்லை. எத்தனை நாளைக்கு என்று பார்க்கலாம் என முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

ஆனால் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒன்றுமே சொல்லாமல் எப்படிக் காலம் தள்ளுவது? அதற்குத்தான் துரை இருந்தார். துரை என்பது பூனை. மகள் வேலைக்காக வெளியூர் போனபோது விட்டுவிட்டுப் போனது. உடம்பு முழுக்க மஞ்சள், மார்பில் மட்டும் வெள்ளை. நடையும் மிதப்பும் பார்த்து வைத்த பெயர் என்பதால் வீட்டில் அதற்கு ‘வாங்க, போங்க’ மரியாதைதான். “துரை, மேல தண்ணி வரல, மோட்டார் போடச் சொல்லுங்க” என்பாள் இவள், பூனையின் முதுகைப் பார்த்து. “துரை, நாளைக்கு நான் வர லேட்டாகும்னு சொல்லிடுங்க” என்பான் அவன், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து. இரண்டு பக்கத்துச் சேதியையும் கேட்டுக்கொண்டு துரை பாட்டுக்குப் பாதத்தை நக்கிக்கொண்டிருப்பார். மகள் தொலைபேசியில் திட்டித் திட்டி அலுத்துப்போனாள்.

அப்படி இருக்கையில்தான் துரை தண்ணீராகக் குடிக்க ஆரம்பித்தார். கிண்ணத்தில் ஊற்றினால் கிண்ணம் காலி, குளியலறை வாளியில் இருந்தால் அதிலும் வாய். அவர் ஒன்றுக்குப் போகிற மண் தட்டு நேரத்துக்கு நேரம் நனைந்து கிடந்தது. வேளாவேளைக்கு வழித்து நக்கிச் சாப்பிடுகிற பூனைக்கு முதுகெலும்பு துருத்திக்கொண்டு வந்தது. கால்நடை மருத்துவர் அம்மா ரத்தத்தைப் பார்த்துவிட்டு, சர்க்கரை என்றார். அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இனிப்பைக் கண்டால் மூக்கைச் சுளிக்கிற பூனைக்குச் சர்க்கரையா? பூனைக்கும் வரும் என்றார் மருத்துவர். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, இன்சுலின் ஊசி வீட்டிலேயே போடவேண்டும். முதலில் சாப்பிட வைக்கவேண்டும், சாப்பிட்டதைப் பார்த்த பிறகுதான் ஊசி. மருந்துக் குப்பியைக் குலுக்கக் கூடாது, உள்ளங்கைகளுக்கு நடுவே மெல்ல உருட்டவேண்டும். ஊசி போட்ட பிறகு துவண்டாலோ தள்ளாடினாலோ ஈறில் சர்க்கரைத் தண்ணீர் தடவி உடனே தூக்கிக்கொண்டு வரவேண்டும். இருவரும் அடுத்தடுத்து நின்று தலையாட்டினார்கள்.

முதல் ஊசியை அவள்தான் கையில் எடுத்தாள். கழுத்துக்குப் பின்னால் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடிக்கத் தெரிந்தது, குத்தத்தான் முடியவில்லை. அவன் பேசாமல் வந்து துரையின் தலையைப் பிடித்துக்கொண்டு தாடையைச் சொறிந்தான். ஒரே பூனையின் மேல் இரண்டு பேர் கையும் இருந்தன. இருந்தும் இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்துக்கொள்ளவில்லை. ஊசி இறங்கியதும் துரை ஒரு கொட்டாவி விட்டார், அவ்வளவுதான்.

இரண்டு பேருக்கும் வேலை நேரம் மாறி மாறி வரும். யார் வீட்டில் இருக்கிறார்களோ அவர்கள் ஊசி போடவேண்டும். போட்டாயிற்றா என்று மற்றவருக்கு எப்படித் தெரியும்? கேட்டால் தெரியும். கேட்பதற்குத்தான் வழியில்லையே. அன்றைக்கே அவள் பூனைக்குச் சட்டம் போட்டாள். “துரை, ஊசி போட்டவங்க கிண்ணத்தக் கழுவக் கூடாது, அப்படியே தரையில விட்டுரணும். அதப் பாத்த மத்தவங்க, அடுத்த வேளைக்குள்ள கழுவிக் கவுத்துரணும்.” அவன் காதில் அது விழுந்தது. அழுக்குக் கிண்ணம் தரையில் இருந்தால் ஊசி போட்டாயிற்று, கழுவிய கிண்ணம் கவிழ்ந்திருந்தால் இன்னும் போடவில்லை. உலகத்தில் வேறு எந்த வீட்டிலாவது இப்படி ஒரு கூத்து நடக்குமா, சொல்லுங்கள். ஆனால் நடந்தது, நன்றாகவே நடந்தது. துரைக்குச் சதை பிடித்தது. மறுபடி குளிர்சாதனப் பெட்டியின் தலையில் ஏறி உட்கார ஆரம்பித்தார்.

பிறகு அவளுக்குத் தொண்டை கட்டியது. நிலையத்தில் பேசிப் பேசி, ஒரு நாள் வேலை முடிகிற நேரத்தில் குரல் கரகரத்து, பாதியில் காற்றாகப் போய்விட்டது. மேலதிகாரி மைக்கைப் பிடுங்காத குறையாக வீட்டுக்கு அனுப்பினார். இரவெல்லாம் இருமினாள். காலையில் அவள் கண் விழித்தபோது கணவன் வேலைக்குப் போயிருந்தான். சமையலறைக்குப் போனால் அடுப்பு மேடை துடைத்துக் கிடந்தது. முந்தின நாள் பாத்திரம் ஒன்று விடாமல் கழுவி அடுக்கியிருந்தது. ஃபிளாஸ்கில் வெந்நீர் இருந்தது. அந்த அடுக்கின் ஓரத்தில் துரையின் கிண்ணமும் பளபளவென்று கவிழ்ந்திருந்தது.

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. அவள் வேலையையும் தானே செய்ததாகச் சொல்லிக்காட்டப் பாத்திரம் கழுவ நேரம் இருக்கிறது, வாயில்லா ஜீவனுக்கு ஊசி போட நேரமில்லையா? என்ன மனுஷன் இவன்! துரையைக் கூப்பிட்டுத் தீனி வைத்தாள். அவர் வந்து முகர்ந்தார், ஒரு வாய் நக்கினார், போய்விட்டார். மற்ற நாளாக இருந்தால் ஏன் என்று யோசித்திருப்பாள். அன்றைக்குக் கோபம்தான் யோசித்தது. நேரம் கடந்துவிட்டதே என்கிற பதற்றம் வேறு. தோலைத் தூக்கினாள், போட்டாள், மாத்திரையை முழுங்கிவிட்டுப் போய்ப் படுத்தாள்.

என்னவோ விழுந்த சத்தம் கேட்டு எழுந்து வந்தாள். துரை தரையில் பக்கவாட்டில் கிடந்தார். நாலு காலும் தண்ணீரில் நீந்துவது போல அடித்துக்கொண்டிருந்தன. வாயோரம் நுரை. கண் இரண்டும் கறுப்பாக விரிந்து எதையும் பார்க்காமல் இருந்தன. அப்போதுதான், காலையில் அவனும் ஊசி போட்டிருப்பானோ என்கிற சந்தேகம் எழுந்தது. தொழிற்சாலைக்குள் கைபேசி எடுத்துப்போக விடமாட்டார்கள். அலுவலக எண்ணுக்குக் கூப்பிட்டு, கணவன் பெயரைச் சொல்லி, அடுப்புப் பிரிவிலிருந்து கூப்பிடுங்கள் என்று காற்றுக் குரலில் கெஞ்சினாள்.

“ஹலோ, யாரு?” என்றான் அவன்.

“நான்தான்.”

“நான்தான்னா யாரு?”

கட்டிய கணவனுக்கு அவள் யாரென்று தெரியவில்லை. அதற்கு அதிர்ச்சியடையக்கூட அவளுக்கு நேரமில்லை.

“காலையில துரைக்கு ஊசி போட்டீங்களா?”

“போட்டேனே. சாப்பிட வச்சு, போட்டுட்டுத்தான் வந்தேன்” என்றான்.

“நானும் போட்டுட்டேன்.”

அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை. சர்க்கரையைக் கரைத்து ஈறில் தேய்க்கச் சொன்னான், வாய்க்குள் ஊற்றிவிடாதே என்றான், தான் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவதாகச் சொன்னான். அவசரத்தில் கரைத்ததில் பாதிச் சர்க்கரை தரையில் சிந்தியது. விரலில் தொட்டு ஈறில் தேய்த்தாள், மறுபடி தேய்த்தாள். துண்டில் சுற்றிக் கூடையில் வைத்து வாடகை வண்டி பிடித்தாள். சீக்கிரம் போங்கள் என்று ஓட்டுநரிடம் சொல்லத் தொண்டை எழும்பவில்லை. அவர் தோளைத் தட்டித் தட்டிக் கூடையைக் காட்டினாள்.

ஆஸ்பத்திரி வாசலில் அவன் மாவு படிந்த உடுப்போடு நின்றிருந்தான். மருத்துவர் துரையை மேஜையில் போட்டு நரம்பைத் தேடிக்கொண்டே, இன்றைக்கு ஊசி போட்டது யார் என்று கேட்டார்.

“நான்தான்” என்றார்கள் இரண்டு பேரும், ஒரே நேரத்தில்.

மருத்துவர் நிமிர்ந்து ஒருவர் மாற்றி ஒருவரைப் பார்த்தார். “ஏங்க, போட்டாச்சான்னு ஒருத்தர ஒருத்தர் கேக்க மாட்டீங்களா?” என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை, திகைப்புத்தான் இருந்தது. பிறகு வெளியே உட்காருங்கள் என்று சொல்லிவிட்டார்.

வெளியே ஒரு நாற்காலி இடம் விட்டு உட்கார்ந்தார்கள். கிண்ணத்தை ஏன் கழுவித் தொலைத்தீர்கள் என்று கேட்க அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் அவனே தரையைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தான். “ராத்திரியெல்லாம் இருமினியே. எந்திரிச்சதும் பாத்திரத்தோட மல்லுக்கட்ட வேணாமேன்னு எல்லாத்தையும் கழுவினேன். அந்த வேகத்துல அதுவும் போயிருச்சு. கழுவினது கூட ஞாபகமில்ல.”

வேண்டுமென்றே செய்தான் என்றே இத்தனை நேரமும் நினைத்திருந்தாள். கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். இப்போது அதுவும் கையை விட்டுப் போனது. ஒரு வருஷத்தில் அவன் அவளுக்காகச் செய்த ஒரே நல்ல காரியம் துரையைக் கொல்லப் பார்த்திருக்கிறது. குத்தியது அவள் கை. அவளுக்கு அழுகை வந்தது, அழுவதற்கும் தொண்டையில் சத்தமில்லை.

துரை பிழைத்தார். சில நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். இனி ஊசிக்கு முன்னால் காது மடலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரையைப் பார்க்கவேண்டும் என்று மருத்துவர் கருவியைக் காட்டிக் கற்றுக்கொடுத்தார். போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் போடவே கூடாது. ஒரு வேளை விட்டுப்போனால் சமாளிக்கலாம், இரண்டு முறை போட்டால் உயிருக்கே ஆபத்து. இதையெல்லாம் சொல்லிவிட்டு, சின்ன டார்ச்சை எடுத்துத் துரையின் கண்ணில் அடித்தார். துரை இமைக்கவில்லை.

“சர்க்கரை ரொம்ப இறங்குனதுல மூளை பாதிச்சிருக்கு. பார்வை இல்ல. திரும்ப வரலாம், வராமலும் போகலாம். வீட்ல எதையும் இடம் மாத்தாதீங்க. அப்புறம், பேசிக்கிட்டே இருங்க. நீங்க எங்க இருக்கீங்கன்னு சத்தத்த வச்சுத்தான் இனி அதுக்குத் தெரியும்.”

ஏதாவது சந்தேகம் இருக்கிறதா என்று மருத்துவர் கேட்டார். அவள் துரையைத் தூக்கிக் கூடையில் வைத்தாள், அவன் கருவியை வாங்கிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து கூடத்தில் கூடையைத் திறந்தார்கள். துரை ஒரு காலை வெளியே வைத்து, தரை இருக்கிறதா என்று தட்டிப் பார்த்து, அப்புறம் அடுத்த காலை வைத்தார். இரண்டு அடி போய் நாற்காலிக் காலில் முகத்தை இடித்துக்கொண்டார். அவள் எதிர்ச்சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்து, பாதி திரும்பியிருந்த கரகரக் குரலில் “துரை, இங்க வாங்க” என்றாள். காது அவள் பக்கம் திரும்பியது. வந்தார். கடைசி அடியில் இடறி அவள் மடியில் விழுந்தார். விழுந்தவர் அங்கேயே இருக்கவில்லை. சாப்பாடு கொடுக்கிற இன்னொரு ஆள் எங்கே என்று மூக்கைத் தூக்கித் தேடினார். அவன் வாசற்படியருகே நின்றிருந்தான்.

“வாங்க துரை” என்றான். துரை கிளம்பினார். கூடத்தின் நடுவில் வந்ததும் நின்றுவிட்டார். அவன் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. பூனையோடு பேச அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அவளுக்குச் சொல்லி அனுப்புகிற சேதிதான், இப்போது எதைச் சொல்லி அனுப்புவது? துரை ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி, காதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டு, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றார்.

அவளால் அதைப் பார்க்க முடியவில்லை.

“ஏதாவது பேசுங்க. நடுவுல நிக்குது.”

“என்ன பேச?” என்றான் அவன்.

“எதையாவது.”

“அன்னிக்கு நீ கூப்பிட்டப்ப அடுப்ப அப்படியே விட்டுட்டு வந்தேன். உள்ள இருந்த ரொட்டியெல்லாம் கரியாப் போச்சு” என்றான். துரையின் காது அவன் பக்கம் திரும்பியது. ஒரு அடி வைத்தார், இன்னொரு அடி வைத்தார். அவனுக்குப் பேச்சு நின்றது, துரையும் நின்றார்.

“அப்புறம்?” என்றாள் அவள்.