ஐஸ்லாந்துக்குச் சரக்குத்தூள் கொண்டுபோன கதை

ஐஸ்லாந்துக்குக் குளிர்காலத்தில் தனியாகப் போகப்போகிறேன் என்று யாராவது சொன்னால், நான் முதலில் காரின் கதவைப் பற்றித்தான் சொல்வேன். காரை நிறுத்தும்போது அதன் மூக்கு காற்றைப் பார்த்து நிற்க வேண்டும். கதவை ஒரு கையால் திறந்து, மறு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டே இறங்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும் போய்ப் பழகிக்கொள்ளலாம்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு பெப்ரவரி. மொன்றியல் டவுன்டவுனில் ஒரு உணவகத்தின் சமையலறையில் எனக்கு வேலை. இருப்பிடம் சென்ட் லோரன்டில், மூன்றாம் மாடியில் ஓர் அறை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கையில் நாலு காசும் பத்து நாள் விடுமுறையும் சேர்ந்தால் எங்காவது கிளம்பிவிடுவேன். அந்த முறை ஐஸ்லாந்து. மரமில்லாத கறுப்பு நிலத்திலிருந்து புகை எழும்புகிற படம் ஒன்றைப் தெப்பனர் என்கிற பக்கத்து மூலைக்கடையின் நாட்காட்டியில் பார்த்திருந்தேன். குளிர்காலத்தில் சீட்டு மலிவு. பஸ்ஸில் பொஸ்டனுக்குப் போய் அங்கிருந்து பறக்கலாம் என்றும் தெரிந்துகொண்டேன். வேறு காரணம் இல்லை.

காரணம் பிறகு எதிர்வீட்டிலிருந்து வந்தது. எதிர்வீட்டு அன்ரியின் ஒரே மகள், இங்கே படிக்க வந்த ஐஸ்லாந்துக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு அந்த நாட்டின் வடக்கே ஒரு மீன்பிடி ஊரில் இருந்தாள். அப்போதுதான் முதல் பிள்ளை பிறந்திருந்தது. அன்ரியின் கணவருக்குக் கிழமையில் மூன்று நாள் டயலிசிஸ். அவரை விட்டு அன்ரி ஓரிடமும் அசைய முடியாது.

"தம்பி, நீர் அங்கதானாம் போறீர்."

"ஓம் அன்ரி. ஆர் சொன்னது?"

"நீர் பயணப்பை வாங்கினது முழுக் கட்டடத்துக்கும் தெரியும். இதை அவளிட்டக் குடுத்துவிடும்."

செங்கல் அளவில் ஒரு பொதி. மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு என்கிற சுக்கு எல்லாம் வறுத்து இடித்த சரக்குத்தூள். பிள்ளை பெற்றவளுக்கு முப்பத்தோராம் நாள் வரை இந்தத் தூளில்தான் கறி காய்ச்சிக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். தபாலில் அனுப்பினால் எப்போது போய்ச் சேருமோ தெரியாது.

"முப்பத்தொண்டுக்குள்ள ஒரு நேரமாவது அவள் தின்ன வேணும். தாய் இருந்தும் ஒருவாய் பத்தியக் கறி கிடைக்கேல்லை எண்டு இருக்கக் கூடாது. விளங்குதோ?"

"விளங்குது."

"பால்சுறா கிடைச்சால் இன்னும் நல்லம். பால் ஊறும். கடல் சூழ்ந்த நாடுதானே, கேட்டுப் பாரும்."

பொதியை ஏழு பொலித்தீன் பைக்குள் வைத்து மண்நிற டேப்பால் வரிந்து கட்டியிருந்தார். எங்கள் ஆட்கள் கட்டுகிற பார்சலைப் பிரிப்பதென்றால் கத்தி வேண்டும். மிச்ச டேப்பையும் உருளையோடு என் பையில் திணித்தார். "சுங்கத்தில வெட்டுவாங்கள். திரும்ப ஒட்ட வேணும்."

அன்ரி சொன்னபடியே நடந்தது. சுங்க அதிகாரி ஏழு பையையும் வெட்டினார். ஏழாவதை வெட்டும்போது மூக்கைக் கொஞ்சம் கிட்டக் கொண்டுபோய்விட்டார். அவர் தும்ம, பக்கத்திலிருந்த பெண் அதிகாரி தும்ம, எனக்குப் பின்னால் நின்ற ஜெர்மன்காரர்களும் தும்மினார்கள். "மருந்து. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு" என்றேன். அவர் கண்ணைத் துடைத்தபடி போகச் சொல்லிக் கையைக் காட்டினார். அன்று பிள்ளை பிறந்து இருபத்தேழாம் நாள்.

உடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பத்து மொன்றியல் குளிர்காலம் பார்த்தவன் என்ற திமிரோடு போகாதீர்கள். எங்கள் குளிர் காய்ந்த குளிர், சும்மா நின்று கடிக்கும். அவர்களுடையது ஈரம், ஓடிவந்து அடிக்கும். காலையில் மழை, மத்தியானம் பனி, பிறகு இரண்டும் கலந்து பக்கவாட்டில். இறகு அடைத்த என் பெரிய மொன்றியல் ஜாக்கெட் முதல் நாளே நனைந்த கோழிபோல ஆகிவிட்டது. உள்ளே கம்பளி, வெளியே தண்ணீர் புகாத மெல்லிய மேலங்கி, இவை இரண்டும் போதும். பருத்தி வேண்டாம், நனைந்தால் காயாது. குழாயின் வெந்நீரில் தேநீர் போடாதீர்கள். அது நிலத்துக்குள்ளிருந்து வருகிற தண்ணீர், தேநீரில் அவித்த முட்டை மணக்கும். குளிர்ந்த நீரைப் பிடித்துக் கொதிக்க வையுங்கள்.

மறுநாள் ஆணி பதித்த டயர் போட்ட சின்ன வாடகைக் காரில் வடக்கே வெளிக்கிட்டேன். அந்த மாதத்தில் காலை பத்து மணிக்கு மேல்தான் விடியும், ஐந்து மணிக்கு இருண்டுவிடும். ஓட்டம் எல்லாவற்றையும் அந்த இடைவெளிக்குள் முடிக்க வேண்டும். பாதி வழியில் மலைமேட்டின் அடிவாரத்தில் ஒரு பெட்ரோல் நிலையம் இருந்தது. உள்ளே சுவரில் வீதிகளின் படம். பச்சை என்றால் போகலாம், சிவப்பு என்றால் பாதை பூட்டு. எனக்கு முன்னாலிருந்த மேட்டுப் பாதை சிவப்பு.

வெளியே பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. மொன்றியலில் இதைவிட மோசமான பனியில் வேலைக்குப் போயிருக்கிறேனே என்று நினைத்துக்கொண்டு ஏறினேன்.

கால் மணி நேரத்தில் வீதியோரத்து மஞ்சள் கம்பங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. கடைசியில் காருக்கு முன்னால் வெள்ளை மட்டும்தான். துடைப்பானில் பனி உறைந்து நின்றுவிட்டது. தட்டிவிட்டு ஏறலாம் என்று, மொன்றியலில் செய்கிற மாதிரியே, சட்டென்று கதவைத் திறந்தேன். திறந்தது நானல்ல, காற்று. கதவு கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு முன்பக்கம் மடிந்து, "டொக்" என்று ஒரு சத்தம் போட்டது. அதன் பிறகு அது மூடவில்லை.

விரல்கள் மரத்துப்போகும் வரை அந்தக் கதவோடு மல்லுக்கட்டினேன். அப்போதுதான் அன்ரியின் டேப் ஞாபகம் வந்தது. பாதி உருளையைச் சுற்றி, கதவைக் காரோடு ஒரு பார்சல்போலக் கட்டினேன். பிறகு மற்றப் பக்கத்தால் ஏறி, நடையைவிட மெதுவாக, வந்த வழியே இறங்கினேன். செத்திருக்கலாம். ஆனால் அப்போது நினைத்ததெல்லாம் நாள் கணக்குத்தான். இருபத்தெட்டு முடிகிறது, இன்னும் மூன்று.

பெட்ரோல் நிலையத்திலிருந்து அன்ரிக்குப் போன் எடுத்தேன்.

"அன்ரி, றோட்டு பூட்டு. நாளைக்கும் பூட்டாம்."

"நீர் ஏறிப் பாத்தனீரோ?"

"இல்லை."

"பொய் சொல்லாதையும். தொண்டை நடுங்குது. தம்பி, தூள் பிந்தினால் நான் அழுதிட்டு இருப்பன். நீர் அந்த மலையில கிடந்தால் ஆரிட்ட நான் போய்ச் சொல்லுறது? பேசாமல் இரும்."

பேசாமல் இருப்பது எனக்கு வராத வேலை. நிலையத்துக்குப் பின்னால் ஒரு விடுதி, விடுதிக்குப் பின்னால் ஊரின் வெந்நீர்த் தொட்டி. அந்த நாட்டில் ஒரு கடையும் இல்லாத ஊரிலும் வெந்நீர்த் தொட்டி இருக்கும். ஆகவே நீச்சல் உடுப்பைக் கட்டாயம் எடுத்துப் போங்கள். ஆனால் அதைப் போடுவதற்கு முன், எல்லார் முன்னாலும், பிறந்த மேனியாக, சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். உள்ளாடையோடு குளிக்கப் பார்த்த என்னை ஒரு கிழவர் விரலால் சுவரிலிருந்த படத்தைக் காட்டித் திருப்பி அனுப்பினார். உடம்பில் எங்கெங்கே சோப்புப் போட வேண்டும் என்று சிவப்பு வட்டம் போட்ட படம்.

தலையில் பனி விழ, கழுத்துவரை சூட்டில் அமர்ந்திருந்தேன். எதிரே தாடி வைத்த ஒருவர்.

"பாதை எப்போது திறக்கும்?" என்று கேட்டேன்.

"நான்தான் பனி தள்ளும் வண்டியின் சாரதி" என்றார். "நான் இங்கே இருக்கும்வரை திறக்காது."

இருபத்தொன்பதாம் நாளும் அவர் தொட்டியில் இருந்தார். முப்பதாம் நாளும் இருந்தார். நான் அவரைப் பார்க்க, அவர் தோளைக் குலுக்குவார். இடையில் சும்மா இருக்க முடியாமல் நிலையத்தின் கடையைச் சுற்றி வந்தேன். குளிர்பெட்டியில் ஒரு சின்ன வாளி, அதன் மூடியில் சுறாவின் படம். அன்ரியின் பால்சுறா! எனக்குப் பின்னால் நின்ற கடைக்காரப் பெண், "இதை நிச்சயம் வாங்கப் போகிறீர்களா?" என்று இரண்டு முறை கேட்டாள். எங்கள் ஊரில் பிள்ளை பெற்றவர்களுக்குக் கொடுப்பது என்று பெருமையோடு சொன்னேன். அவள் கொஞ்சம் பின்வாங்கி நின்றாள்.

முப்பத்தோராம் நாள் காலை தொட்டிக்குப் போனேன். தாடிக்காரர் இல்லை. துடைத்துக்கொண்டு அரைகுறை ஈரத்தோடு காருக்கு ஓடினேன்.

மத்தியானம் மூன்று மணிக்கு அந்த மீன்பிடி ஊரில், கடலைப் பார்த்த ஒரு சிவப்புத் தகர வீட்டுக்கு முன்னால், காரின் மூக்கைக் காற்றுக்குக் காட்டி நிறுத்திவிட்டு, மற்றக் கதவால் தவழ்ந்து இறங்கினேன். பிள்ளையைத் தோளில் போட்டபடி அன்ரியின் மகள் வாசலில் நின்றாள். கணவன் மீன் தொழிற்சாலையில் வேலைக்குப் போயிருந்தான்.

"அண்ணை, காரையும் அம்மாவே கட்டிவிட்டவா?"

"டேப் அவவின்ர. கட்டினது நான்."

அடுப்படியை நான் எடுத்துக்கொண்டேன். என் தொழில் அதுதானே. உள்ளிப்பூண்டை நசுக்கி, தூளைக் கரைத்து வைத்துவிட்டு, வாளியின் மூடியைத் திறந்தேன்.

அந்த மணத்தை எப்படிச் சொல்வது. மொன்றியல் மெட்ரோவின் ஒரு மூலையையும் ஒரு சலூனின் முடிச்சாயத்தையும் சேர்த்து மூடி வைத்து, மாதக்கணக்கில் மறந்துவிட்டால் வரும். தோளில் கிடந்த பிள்ளை வீரிட்டது. அந்த நாட்டில் சுறாவை அப்படித்தான் புளிக்க வைத்துக் காயவிட்டு, சின்னத் துண்டாகக் குத்தித் தின்பார்களாம். மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அண்ணை, வெளியில! வெளியில வையுங்கோ! எனக்குத் தையல் நோகுது!"

வாளியைப் பனிக்குள் புதைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் காலையில் கொண்டுவந்து வைத்த பச்சை மீன் இருந்தது. அதைத்தான் காய்ச்சினேன். ஐந்து மணிக்கு வெளிச்சம் போகும்போது அவள் சோற்றில் கறியை விட்டுப் பிசைந்து, கோப்பையை வழித்து முடித்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"அம்மா, திண்டிட்டன். ஓம், இப்பதான். இண்டைக்குத்தான் முப்பத்தொண்டு, எண்ணிப் பாத்தனான். மிளகு கூடிப்போச்சு அம்மா."

அன்ரியின் குரல் எனக்கும் கேட்டது. "பிள்ளை பெத்தவளுக்கு அப்பிடித்தான் போடுறது. வாயைப் பொத்திக்கொண்டு நாளைக்கும் தின்." பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "சுறா கிடைச்சதோ?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"கிடைச்சது அம்மா. நல்ல சுறா. அண்ணை தேடி வாங்கிக்கொண்டு வந்தவர்."

அதற்குப் பிறகு சென்ட் லோரன்டில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும், ஐஸ்லாந்துச் சுறாவைப்போல ஒன்று கிடையாது என்று அன்ரி சொல்லத் தொடங்கிவிட்டார். எப்படி எடுப்பிப்பது என்று விசாரிக்க ஆட்கள் என் கதவைத் தட்டுவார்கள். நான் அவர்களை உட்காரவைத்து, காரை நிறுத்தும்போது அதன் மூக்கு காற்றைப் பார்த்து நிற்க வேண்டும் என்று தொடங்குவேன்.