பனியின் மேல் போட்ட பழி

எண்பதுகளின் நடுவில், ஒரு மே மாதக் கடைசி. ஏற்காட்டில் மழை பிடிக்கப் பத்து நாள்கூட இல்லை. அப்போது நான் சென்னையில் ஒரு நிறுவனத்தில் கோபால் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். வயது இருபத்தாறு. தலைக்கனம் அதற்கும் மேல்.

சேர்வராயன் மலையில் காபி பயிரிடும் சிறு விவசாயிகளின் சங்கம் ஒன்று எங்களிடம் கம்ப்யூட்டர் விவரங்கள் பதிந்த ஒரு காந்த டேப்பைக் கொடுத்திருந்தது. ஆயிரத்துச் சொச்சம் பேரின் பெயர், ஒவ்வொருவருக்கும் எத்தனை காபி நாற்று, எந்த ஊர் என்பதெல்லாம் அதில் ஆங்கிலத்தில் இருந்தது. அதை அச்சடித்துக் கொடுத்தால்தான் நர்சரியில் நாற்று வழங்குவார்கள். முதல் மழையில் நடாவிட்டால் அந்த வருஷம் போச்சு.

சிக்கல் என்னவென்றால், டேப்பில் எழுத்துகள் ஒரே நீளமாக ஓடும். ஒருவர் விவரம் எங்கே முடிகிறது, அடுத்தவர் எங்கே தொடங்குகிறார் என்று அடையாளமே இருக்காது. ஆளுக்கு எத்தனை எழுத்து என்று நாம்தான் சொல்ல வேண்டும். என்ன சொன்னாலும் கோபால் அப்படியே நம்பும். டேப்பைத் தயாரித்தவரோ ஒரு குறிப்பும் எழுதி வைக்காமல் துபாய்க்குப் போய்விட்டார். என் கையில் இருந்தது ஒரு வெற்றுப் படிவம். எழுத்துக்கு ஒன்றாக அதில் எண்பது கட்டம். அப்புறமென்ன, எண்பது என்று போட்டேன்.

முதல் வரி அழகாக வந்தது. இரண்டாவது இரண்டு எழுத்து தள்ளி நின்றது. மூன்றாவது நான்கு எழுத்து. போகப்போக ஒருவர் ஊர் அடுத்தவர் பெயரின் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. நாற்பத்திரண்டாவது வரி மட்டும் மறுபடி தன் இடத்தில் நின்றது. எண்பத்து மூன்றாவதும் அப்படியே. யோசிக்கத் தெரிந்தவன் அங்கேயே பிடித்திருப்பான். எனக்கோ வேறு ஞானம் பிறந்தது. இந்த டேப் ஒரு வருஷம் ஏற்காட்டில் அலமாரியில் கிடந்திருக்கிறது, பனி ஈரம் உள்ளே இறங்கிவிட்டது, ஈரம் படாத இடம் மட்டும் நாற்பத்தோரு வரிக்கு ஒருமுறை வருகிறது. இதை இரண்டு பக்க அறிக்கையாகவே டைப் அடித்தேன். எல்லாரிடமும் மறுபடி படிவம் வாங்க வேண்டும் என்று முடித்தேன்.

அறிக்கையையும் அச்சடித்த தாள் கட்டையும் தூக்கிக்கொண்டு சேலத்தில் பஸ் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைப் பிடித்தபடி ஏற்காடு போய்ச் சேர்ந்தேன். சங்க அலுவலகத்தில் பத்துப் பன்னிரண்டு விவசாயிகள் காத்திருந்தார்கள். செயலாளரிடம் நான் பேசத் தொடங்குவதற்குள் அவர்கள் தாளை விரித்துவிட்டார்கள். தலைச்சோலை ஊர்க்காரர் ஒருவர் எழுத்துக் கூட்டிப் படித்து, தன் பெயருக்கு முன்னால் கொட்டச்சேடு என்கிற ஊரின் கடைசிப் பாதி ஒட்டியிருப்பதைக் கண்டுபிடித்தார். அந்த ஊரில் தனக்குப் பெண் தரவே மாட்டோம் என்றார்கள், இப்போது ஊரிலேயே பாதியைத் தந்துவிட்டார்களே என்று அவர் சொல்ல, அறை முழுக்கச் சிரிப்பு. நான் விடாமல் பனி, ஈரம் என்று விளக்கினேன்.

"ஏனுங்க, பனியில காபிக்கொட்டை பூஞ்சை புடிக்கும். பேரு நகருமுங்களா?" என்று கேட்டார் அவர். கிண்டலாகக் கேட்கவில்லை. அதுதான் வலித்தது.

செயலாளருக்கு முகமே செத்துவிட்டது. ஆயிரம் பேரை மறுபடி தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்குவதற்குள் மழை வந்தே போய்விடும் என்றார். அப்போது மூலையில் டைப்ரைட்டர் முன்னால் இருந்த பெண் எழுந்து வந்தார். என்னைவிட இரண்டு வயது குறைவாக இருக்கும். படிவங்களை எல்லாம் எழுதியவர் அவர்தானாம்.

"சார், ஆளுக்கு எத்தனை கட்டம்னு வச்சீங்க?"

எண்பது என்றேன், உனக்கெதற்கு இது என்கிற குரலில். டேப்பில் ஏற்றிய பிறகு மாதிரிக்கென்று மிச்சம் வைத்திருந்த ஒரே பூர்த்தி செய்த படிவத்தை அவர் அலமாரியிலிருந்து எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். கடைசிக் கட்டத்தை ஒட்டி, ஸ்கேல் வைத்துப் பென்சிலால் இரண்டு கட்டம் புதிதாகப் போட்டிருந்தது.

"ஊரு பேருக்கு ஒம்பது கட்டந்தானுங்க அடிச்சு வந்துச்சு. தலைச்சோலைக்கு இங்கிலீஷ்ல பத்தலீங்க. ஊரைப் பாதியில வெட்டுனா யாருங்க கையெழுத்துப் போடுவாங்க? அதான் எல்லாத்துலயும் நானே ரெண்டு கட்டம் போட்டுட்டனுங்க. வேலை போயிருமோன்னு பயந்துட்டு இத்தனை நாளா சொல்லலீங்க."

ஆயிரத்துச் சொச்சம் படிவம், ஒவ்வொன்றிலும் இரண்டு கட்டம். டேப்பில் ஏற்றியவர்களும் மறுபேச்சில்லாமல் அதையும் சேர்த்து அடித்திருக்கிறார்கள். ஆக, ஆளுக்கு எண்பத்திரண்டு எழுத்து. வரிக்கு இரண்டு எழுத்தாகத் தள்ளி, நாற்பத்தோரு வரியில் முழுசாக ஒரு ஆள் அளவு தள்ளிவிட்டதால்தான் நாற்பத்திரண்டாவது வரி தன் இடத்தில் நின்றிருக்கிறது. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. செயலாளர் அந்தப் பெண்ணின் பக்கம் கோபமாகத் திரும்பினார். அவர் திட்ட வாயைத் திறப்பதற்குள், தப்பு என்னுடையது, எழுதின படிவம் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பார்க்காமல் பனியைக் குற்றம் சொன்னேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அறிக்கையை நைசாக மடித்துப் பைக்குள் திணித்தேன்.

சென்னைக்கு டிரங்க் கால் போட்டு, அலுவலகத்தில் இருந்த நண்பனிடம் எண்பதை எண்பத்திரண்டாக மாற்றி ஓட்டச் சொன்னேன். மாலையில் மறுபடி லைன் கிடைத்ததும், அங்கிருந்தவர்களின் பெயர்களைப் பட்டியலில் தேடி நண்பன் படிக்க, நான் உரக்கத் திருப்பிச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்ட மாதிரி ஒவ்வொருவரும் "இருக்கறனுங்க" என்றார்கள். தலைச்சோலைக்காரர் ஊர் முழுசாக வந்ததா என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். கொட்டச்சேடு கைவிட்டுப் போனதில்தான் கொஞ்சம் வருத்தம் என்றார். அந்தப் பெண் அதற்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தார். மழைக்கு முன்னால் நாற்றும் போய்ச் சேர்ந்தது.

அதற்கப்புறம் எத்தனையோ கம்ப்யூட்டர் பார்த்துவிட்டேன். ஆனாலும் ஏதாவது ஒன்று புரியாமல் பழிபோட ஆள் தேடும்போதெல்லாம், பென்சில் கட்டங்களோடு என் முன்னால் வைக்கப்பட்ட அந்தப் படிவம் ஞாபகத்துக்கு வந்து, இதை எழுதினவரை ஒரு வார்த்தை கேட்டாயா என்று என்னை நிறுத்திவிடுகிறது.