பச்சைப் படியில் என் கால்

எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். ஐந்தாவது வரைதான் படித்தேன், மறதியும் உண்டு.

விழுப்புரத்திலிருந்து தனியாகத் திண்டிவனம் போய் லாட்ஜில் இரண்டு நாள் தங்கினேன். தெருத்தெருவாக நடந்து செல்போனில் போட்டோ எடுக்க ஆசை. முதல் நாள் வெயில் சாயும்போதுதான் உறைத்தது, ஆட்டோக்காரர் இறக்கிவிட்ட அந்த லாட்ஜின் பெயரை நான் பார்க்கவே இல்லை. பையும் சர்க்கரை மாத்திரையும் அறையில் இருந்தன. சாவியில் ஏழு என்று மட்டும் போட்டிருந்தது.

கூச்சத்தோடு ஒரு டீக்கடைக்காரரிடம் கேட்டேன்.

“பேரே தெரியாம ஊரையே போட்டோ புடிச்சிக்கினு திரியறியே ஆயா!” என்று சிரித்தார்.

எனக்கு ரோஷம் வந்தது. “அந்தப் போட்டோவே வழி சொல்லும்ப்பா” என்றேன்.

கடைசிப் படத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் பார்த்தபடியே நடந்தேன். பூக்கடை, நீலக் கதவு, கோவில் கோபுரம், மேம்பாலம் எல்லாம் வரிசையாக வந்தன. காலையில் எடுத்த முதல் படம் கை தவறி அழுத்தியது. பச்சைப் படியில் என் இரண்டு கால்கள். அழிக்க நினைத்து மறந்திருந்தேன். அதே படி ஒரு வாசலில் தெரிந்தது. ஏறிப் போய்ச் சாவியைப் போட்டேன், கதவு திறந்தது.

மறுநாளும் தைரியமாக நடந்தேன். இப்போதெல்லாம் எந்த ஊருக்குப் போனாலும் முதல் படம் லாட்ஜின் பெயர்ப்பலகைதான்.

அந்த டீக்கடைக்காரரை மட்டும் படம் எடுக்கவில்லை. வழி கிடைத்ததை அவரிடம் சொல்ல வேண்டும். கடை பூக்கடைக்கு எதிரிலா, அடுத்த தெருவிலா என்று குழப்பமாக இருக்கிறது. திண்டிவனத்து வாசகர் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.